மறுவாழ்வு சிகிச்சை மீளாய்வுகளில் பிழை எங்கே நுழைகிறது?

பக்கவாதத்துக்குப் பிறகு கை அசைவை மீட்க எந்தப் பயிற்சி உதவும் என்று தேடினால் ஏராளமான ஆய்வுகள் கிடைக்கும். பல ஆய்வுகள் சில டஜன் பேரை மட்டும் வைத்துச் செய்தவை. ஒன்று பலன் உண்டு என்று சொல்லும், அடுத்தது இல்லை என்று மறுக்கும். முன்கூட்டியே வகுத்த விதிகளின்படி இவற்றைத் தேடி, சலித்து, தரம் பார்த்து, இயன்றால் எண்களையும் இணைத்து விடை காண்பதே முறைசார் மீளாய்வு. சிகிச்சை வழிகாட்டு நெறிகள் பெரிதும் இதை நம்பியே எழுதப்படுகின்றன. அதனால் மீளாய்வில் நுழையும் ஒரு பிழை கடைசியில் நோயாளியின் பயிற்சி அட்டவணை வரை போய்ச் சேரும்.

மீளாய்வின் தரத்தைச் சோதிக்க 2017-இல் வெளியான ஆம்ஸ்டார்-2 என்ற கருவி பரவலாகப் பயன்படுகிறது. அதில் 16 கேள்விகள் உண்டு. அவற்றில் 7 முக்கியமானவை. செயல்திட்டம் முன்பே பதிவானதா, தேடல் போதுமானதா, விலக்கிய ஆய்வுகளுக்குக் காரணம் தரப்பட்டதா என்பவை அந்த ஏழில் சில. முக்கியக் கேள்வி ஒன்றில் தவறினாலே நம்பகத்தன்மை ‘குறைவு’. ஒன்றுக்கு மேல் தவறினால் ‘மிகக் குறைவு’. 16-க்கு இத்தனை என்று மதிப்பெண் கூட்டுவது தவறு. கருவியை உருவாக்கியவர்களே அதைச் செய்ய வேண்டாம் என்கிறார்கள். ‘ப்ரிஸ்மா விதிப்படி செய்தோம்’ என்ற வரியையும் தரச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ப்ரிஸ்மா, கட்டுரையில் எதையெல்லாம் எழுத வேண்டும் என்று சொல்லும் பட்டியல். மோசமாகச் செய்த வேலையையும் அதன்படி முழுமையாக எழுதிவிட முடியும்.

இவை எல்லா மருத்துவத் துறைக்கும் பொது. மறுவாழ்வுத் துறைக்கென்று தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. மாத்திரை ஆய்வில் போலி மாத்திரை கொடுக்கலாம். பயிற்சி தருபவரிடம் அவர் என்ன தருகிறார் என்பதை மறைக்க வழியில்லை. பிசியோதெரபி ஆய்வுகளை மதிப்பிடும் பெட்ரோ அளவுகோலின் 10 புள்ளிகளில், நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் மறைத்தல் என்ற இரண்டும் உடற்பயிற்சி ஆய்வுகளுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. ஆக, நன்றாகச் செய்த ஆய்வுக்கும் நடைமுறை உச்சம் 8. ஆனால் முடிவை அளப்பவரிடம் யார் எந்தக் குழு என்பதைப் பல நேரம் மறைக்க முடியும். ‘இத்துறையில் மறைத்தல் சாத்தியமில்லை’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டு இதையும் கண்டுகொள்ளாமல் விடும் மீளாய்வை நம்புவது கடினம்.

அடுத்தது எண்களை எடுத்தெழுதும் கட்டம். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் படாது. சேதம் அதிகம் நடப்பதோ இங்கேதான். ஒரு ஆய்வின் அட்டவணையில் சமநிலை மதிப்பெண் ‘46 ± 2’ என்று இருக்கிறது, குழுவில் 25 பேர். அந்த 2 திட்டவிலக்கமா (தனிநபர்களின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு), திட்டப்பிழையா (அந்தச் சராசரியே எவ்வளவு துல்லியம் என்ற அளவு)? திட்டப்பிழை என்றால் அதை 25-இன் வர்க்கமூலமான 5-ஆல் பெருக்க வேண்டும். உண்மையான திட்டவிலக்கம் 10. இரு குழுக்களின் சராசரிக்கு இடையே 5 புள்ளி வேறுபாடு இருந்தால், விளைவின் அளவு 5 வகுத்தல் 10, அதாவது 0.5: நடுத்தரப் பலன். கவனிக்காமல் 2-ஆல் வகுத்தால் 2.5 வரும். 0.8-ஐயே பெரிய பலன் என்று சொல்லும் இடத்தில் 2.5 வருவது எச்சரிக்கை மணி. ஆய்வுகளின் முடிவுகளை வரிசையாகக் காட்டும் மீளாய்வின் வரைபடத்தில் ஒரே ஒரு ஆய்வு மட்டும் மற்றவற்றை விட்டுத் தொலைவில் நின்றால், மூலக் கட்டுரையை எடுத்து முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அளவுகோலின் திசையும் காலை வாரும். பார்த்தெல் குறியீட்டில் 100 என்றால் அன்றாட வேலைகளில் பிறர் உதவி தேவைப்படாத நிலை. பக்கவாதத்துக்குப் பின் இயலாமையை அளக்கும் திருத்திய ரேங்கின் அளவுகோலிலோ 0 நல்ல நிலை, 6 மரணம். இரண்டையும் இணைக்கும்போது ஒன்றன் கூட்டல்-கழித்தல் குறியை மாற்ற மறந்தால், குணமடைந்தவர்கள் மோசமானவர்களாகப் பதிவாவார்கள். இன்னொன்று இரட்டை எண்ணிக்கை. தலா 30 பேர் கொண்ட மூன்று குழு ஆய்வில் இரண்டு சிகிச்சைக் குழுக்களையும் ஒரே கட்டுப்பாட்டுக் குழுவோடு தனித்தனியாக ஒப்பிட்டு இரண்டையும் சேர்த்தால், 90 பேர் 120 ஆகிவிடுவார்கள். அந்த 30 பேரைப் பதினைந்து பதினைந்தாகப் பிரிக்கலாம். சிகிச்சைக் குழுக்களை ஒன்றாக்குவது அதைவிட நல்லது. இருவர் தனித்தனியாக எண்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால் இத்தகைய பிழைகளில் பல அங்கேயே பிடிபடும். அதற்கான நேரத்தை மிச்சப்படுத்துவதை எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க முடியாது.

எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும், எதை எதோடு சேர்த்தார்கள் என்ற கேள்வி நிற்கிறது. வாரம் 2 முறை 20 நிமிடம் செய்த பயிற்சியும், வாரம் 5 முறை ஒரு மணி நேரம் செய்ததும் ‘உடற்பயிற்சி’ என்ற ஒரே பெயரில் இணைந்தால், கிடைக்கும் சராசரி இரண்டுக்குமே பொருந்தாது. ஒப்பீட்டுக் குழு என்ன செய்தது என்பதும் அதே அளவு முக்கியம். ‘வழக்கமான சிகிச்சை’ ஓரிடத்தில் தினசரி பிசியோதெரபியாகவும் இன்னோரிடத்தில் வெறும் ஆலோசனையாகவும் இருக்கலாம். சிகிச்சையை எப்படி விவரிக்க வேண்டும் என்பதற்கு 2014-இல் வந்த டைடியர் பட்டியல் 12 அம்சங்களைக் கேட்கிறது: யார் தந்தது, எங்கே, எவ்வளவு, நோயாளி எந்த அளவுக்குக் கடைப்பிடித்தார் என்று. நல்ல மீளாய்வு இவற்றை ஒவ்வொரு ஆய்வுக்கும் அட்டவணையிட்டுக் காட்டும். சில நேரம் அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, இவற்றை இணைக்கவே கூடாது என்று ஆசிரியர்கள் முடிவெடுத்து, கிடைத்ததை எழுத்தில் மட்டும் தொகுப்பார்கள். அத்தகைய மீளாய்வில் பளிச்சென்று ஒரு எண் இருக்காது. சிகிச்சை அறைக்கு நான் எடுத்துச் செல்வது அதைத்தான்.