வல்லம் காயக்கூடாது, கட்டுமரம் காய வேண்டும்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது அப்போதுதான். பலகைகளைச் சேர்த்துக் கட்டிய மரப்படகுதான் வல்லம். வெயிலில் வாரக்கணக்கில் கிடந்த வல்லத்தைத் திரும்பக் கடலில் இறக்கினால், பலகை இடுக்குகளில் தண்ணீர் கசியும். புதிதாகப் பார்ப்பவர் பதறிப்போவார். ஓடாவி (படகு கட்டும் தச்சரைக் கடற்கரையில் இப்படித்தான் சொல்வார்கள்) பதற மாட்டார். “ஊறட்டும்” என்பார். ஊற ஊறக் கசிவு தானாகக் குறையும்.

மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்கிறதே, அதே சங்கதிதான். மரம் என்பது நுண்ணிய குழாய்களின் கட்டு. குழாய்ச் சுவரில் உள்ள செல்லுலோஸ் தண்ணீரை உள்ளே இழுத்துத் தடிக்கும். குழாய் பருக்குமே தவிர நீளாது. அதனால் பலகை அகலத்தில் உப்பும். நீளத்தில் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. 20 செ.மீ. அகலப் பலகை 2 சதவீதம் உப்பினால் 4 மி.மீ. பக்கத்துப் பலகையும் அப்படியே உப்ப, நடுவில் இருக்கும் பஞ்சு நசுங்கி இடுக்கு அடைபடும்.

அந்தப் பஞ்சை அடிக்கும் வேலைக்குப் பெயர் கலப்பத்து. எண்ணெயும் குங்கிலியமும் சேர்த்த பஞ்சுத்திரியை உளியால் இடுக்கில் இறக்குவார்கள். பார்க்க எளிது. ஆனால் காய்ந்த பலகையில் இறுக்கி அடித்துவிட்டால், ஊறும்போது பலகைக்குப் போக இடமிருக்காது. ஆணியைத் தளர்த்தும், உள்ளே தாங்கும் வங்குகளையும் நெருக்கும். தளர அடித்தாலோ ஒழுகும். நாளைக்கு உப்பப் போவதை இன்றைக்கே கணக்கில் வைத்து அடிக்க வேண்டும். என்னைக் கேட்டால் படகு கட்டுவதிலேயே கஷ்டமான வேலை இதுதான்.

சரி, கட்டுமரம்? அது நேர் எதிர்.

உப்புவதற்கு ஓர் எல்லை உண்டு. ஈரம், மரத்தின் காய்ந்த எடையில் சுமார் 30 சதவீதத்தைத் தொட்டதும் குழாய்ச் சுவர் நிறைந்துவிடும். அதற்குமேல் வரும் தண்ணீர் குழாயின் உள்ளே, காற்று இருந்த இடத்தில் போய் உட்காரும். வல்லத்துக்கு இதில் பெரிய நஷ்டமில்லை. அதை மிதக்க வைப்பது அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்று. கட்டுமரத்துக்கு வயிறே கிடையாது. கட்டைக்குள் இருக்கும் காற்றுதான் அதன் கைமுதல். அந்தக் காற்றை முழுக்க எடுத்துவிட்டால் எந்த மரமும் மூழ்கும். குழாய்ச் சுவர் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம்.

கன மீட்டருக்கு 400 கிலோ எடையுள்ள கட்டை என்று வைத்துக்கொள்வோம். அதே அளவு கடல்நீர் சுமார் 1,025 கிலோ. ஆக, கட்டை 625 கிலோ தாங்கும். அதுவே 200 கிலோ தண்ணீர் குடித்துவிட்டால் தாங்குவது 425தான். மீனவர் கண்ணுக்கு இது எண்ணாகத் தெரியாது. மரம் முன்பைவிடத் தாழ்ந்து, துடுப்புக்குக் கனத்துப் போவதாகத் தெரியும்.

கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக மணலில் போடுவது இதனால்தான். சேர்த்துக் கட்டியபடியே விட்டால், கட்டையும் கட்டையும் ஒட்டிய பக்கங்களில் காற்றுப் படாது. ஆணி அடித்திருந்தால் இந்த வேலையே நடந்திருக்காது.