ட்ராஃபிக் அறிக்கையின் முதல் பத்துப் பக்கங்களைப் படியுங்கள்

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குச் சரியான நேரத்தில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாலும், ட்ராஃபிக் விஷயத்தில் நீங்கள் பெரும்பாலும் தாமதமாகத்தான் வந்திருக்கிறீர்கள். பழைய ஆலையையோ கிடங்கையோ இடித்துவிட்டு, கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள் என்று ஒரு வளாகம் வரப்போகிறது என்றால், அதனால் உங்கள் தெருவில் எத்தனை வண்டி கூடும் என்ற கணக்கு அந்தக் கூட்டத்துக்குப் பல மாதம் முன்பே போட்டு முடிந்திருக்கும். அந்தக் கணக்கைப் போடுவதுதான் என் வேலை. பெரும்பாலும் பில்டர் பக்கம், சில சமயம் உள்ளாட்சி பக்கம். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் ஒன்று தெளிவு: அறிக்கையின் கடைசிப் பக்கத்தோடு மல்லுக்கு நிற்பவர்களைச் சமாளிப்பது எங்களுக்கு எளிது, முதல் பத்துப் பக்கத்தைக் கேள்வி கேட்பவர்கள் வந்தால்தான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவோம்.

அந்தப் பக்கங்களில் அப்படி என்ன இருக்கிறது? எந்தெந்தச் சந்திப்புகளை ஆராய்வது, எந்த நாளில் எந்த நேரத்தில் வண்டிகளை எண்ணுவது, ஒரு வீட்டுக்கு எத்தனை பயணம், கடைக்கு எத்தனை பயணம் என்ற விகிதத்தை எங்கிருந்து எடுப்பது, பக்கத்தில் அனுமதி வாங்கி இன்னும் கட்டி முடிக்காத கட்டடங்களின் வண்டிகளையும் சேர்ப்பதா வேண்டாமா. இதையெல்லாம் கன்சல்டன்டும் அதிகாரியும் ஒரு மீட்டிங்கில் பேசி முடித்துவிடுவார்கள். அப்புறம் நடப்பதெல்லாம் கூட்டலும் பெருக்கலும்தான், அதில் தப்புக் கண்டுபிடிப்பது அபூர்வம். ஆகவே திட்டம் வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்டதுமே, ஆய்வின் எல்லை முடிவாகிவிட்டதா, நாங்கள் அதில் கருத்துச் சொல்லலாமா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

நேரம் என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். உள்ளாட்சிக்காக நான் சரிபார்த்த ஓர் அறிக்கையில் மாலை 5 முதல் 7 மணி வரை வண்டிகளை எண்ணியிருந்தார்கள், வழக்கமான நேரம்தான். அந்தத் தெருவில் குடியிருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, பள்ளி விடும் மூன்றரை மணிக்கு சிக்னலில் நிற்கும் வரிசை எந்த வீட்டு வாசல் வரை வருகிறது என்று தேதி, நேரத்தோடு போட்டோ எடுத்து வைத்திருந்தார். கூடவே ஒரு நோட்டில் வீட்டு எண்களைப் போட்டுக் கையால் வரைந்த படம். வளாகத்தின் பார்க்கிங் வாசல் எங்கே வரப்போகிறதோ அதையும் தாண்டி வரிசை நின்றது. அதாவது, உள்ளேயிருந்து வெளியே வர நினைக்கும் கார் எதுவும் அந்த நேரத்தில் அசைய முடியாது. அந்த நோட்டின் பலத்தில் பள்ளி நேரத்தையும் ஆய்வில் சேர்க்கச் சொன்னோம், வாசல் பக்கத்துத் தெருவுக்கு மாறியது. அந்தத் திட்டத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தில் முப்பது பேர் "ட்ராஃபிக் தாங்காது" என்று பேசினார்கள். மினிட்ஸில் அது ஒரே வரியாகப் போனது.

கலப்புப் பயன்பாட்டுத் திட்டங்களில் இன்னொரு கழித்தல் கணக்கு உண்டு. மேலே குடியிருப்பவர் கீழே இறங்கிக் கடைக்குப் போனால் அது வெளிச்சாலைக்கு வராத பயணம், அதைக் கழித்துவிடலாம். இது ஏமாற்று இல்லை. அமெரிக்காவில் 6 பெருநகரப் பகுதிகளில் 239 கலப்பு வளாகங்களைப் பார்த்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளிவந்தது. சராசரியாகப் பத்துப் பயணங்களில் மூன்று வெளியிலுள்ள சாலைகளுக்குச் சுமையாக வரவில்லை என்றது. ஆனால் அது முழுசாகக் கட்டி, ஆள் குடிவந்த வளாகத்தின் கணக்கு. முதல் கட்டத்தில் கடைகளை மட்டும் திறந்துவிட்டு வீடுகளை மூன்றாம் கட்டத்துக்குத் தள்ளினால், மேலேயிருந்து இறங்கி வர யார் இருக்கிறார்கள்? இந்தக் கழித்தல் எந்தக் கட்டத்திலிருந்து செய்யப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்லச் சிலருக்கு நேரம் பிடிக்கும்.

பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும் திட்டம் என்பதால் இன்னொரு கழித்தலும் வரும். முன்பு அங்கே இருந்த ஆலைக்கு வந்துபோன வண்டிகளை எல்லாம் கழித்துவிட்டு, "நிகர உயர்வு" என்று ஒரு குட்டி எண்ணைக் காட்டுவார்கள். ஆலை இயங்கிக்கொண்டிருந்தால் சரி. பூட்டிப் பத்து வருடம் ஆகி, செடி முளைத்துக் கிடக்கிற இடத்துக்கும் அந்தக் கழித்தலைச் செய்த அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் விதியே அதை அனுமதிக்கும், இருந்தாலும் இன்றைக்குத் தெருவில் ஓடாத வண்டியை எப்படிக் கழித்தீர்கள் என்ற கேள்வியை யாராவது எழுப்பத்தான் வேண்டும். அது எப்போது பூட்டப்பட்டது என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்?

"பத்துப் பன்னிரண்டு சதவீதம்தான் கூடும்" என்ற வாக்கியத்தில் பலர் அடங்கிப்போய்விடுகிறார்கள். எங்கே கூடுகிறது என்பதைப் பொறுத்த விஷயம் அது. வரிசைகளுக்கான மிக எளிய சூத்திரத்தை எடுத்துக்கொண்டால், ஒரே கவுன்ட்டரில், அது சமாளிக்கக்கூடியதில் 85 சதவீதம் பேர் வந்துகொண்டிருந்தால் சராசரியாக ஐந்தாறு பேர் நிற்பார்கள். 95 சதவீதம் ஆனால் 19 பேர். கூடியது சுமார் 12 சதவீதம், வரிசையோ மூன்று மடங்குக்கும் மேல். சிக்னலுக்கான சூத்திரம் வேறு, ஆனாலும் நடத்தை இதேதான். காலியாகக் கிடக்கும் சாலையில் அதே 12 சதவீதத்தை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு சந்திப்பிலும் இப்போது எத்தனை மீட்டர் வரிசை, திட்டம் வந்த பிறகு எத்தனை மீட்டர், அது எந்த வாசலை அடைக்கிறது என்று கேளுங்கள்.

குடியிருப்பவர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. எல்லாக் கூட்டத்திலும் தவறாமல் வரும் கோரிக்கை "பார்க்கிங் இன்னும் கூட்டுங்கள்" என்பது. வண்டி நிறுத்த இடம் தாராளமாக இருந்தால் கார் வைத்திருப்பதும் காரில் வருவதும் கூடும், அந்தக் கார்கள் எல்லாம் உங்கள் சந்திப்பு வழியாகத்தான் வந்தாக வேண்டும். தெருவில் கண்டபடி நிறுத்துவார்களே என்ற பயம் நியாயமானது, ஆனால் அதற்கு மருந்து தெருப் பார்க்கிங்கை ஒழுங்குபடுத்துவது. அடித்தளத்தில் இன்னொரு மாடி தோண்டினால் அது தீராது. அப்புறம் டெலிவரி வண்டிகள். சரக்கு இறக்கவும் ஆட்களை இறக்கிவிடவும் மனைக்குள்ளேயே இடம் இருக்கிறதா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு, அது இல்லாவிட்டால் சாலையில் ஒரு தடம் நாள் முழுக்கப் போய்விடும்.

கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஊர்களின் திட்டக் கூட்டப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், அங்கே பேசியவர்களில் வயதானவர்கள், ஆண்கள், நெடுநாள் குடியிருப்பவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள் ஆகியோரே ஊரின் விகிதத்தைவிட அதிகம் என்று கண்டார்கள். நான் பார்த்த கூட்டங்களும் அப்படித்தான். வாடகைக்கு இருப்பவர், கடையில் வேலை செய்பவர், பேருந்துக்கு நடந்து போகிறவர் வருவதில்லை, அதனால் சாலையை அகலப்படுத்த நடைபாதையை வெட்டினால் எதிர்க்க ஆளில்லை. அவர்களை அழைத்து வாருங்கள், முடியாவிட்டால் அவர்கள் சொல்வதை எழுதி வாங்கிக் கொடுங்கள்.

கடைசியாக, அனுமதியோடு வரும் நிபந்தனைகள். "சிக்னல் மேம்படுத்தப்படும்" என்று இருந்தால் அது யார் செலவில், எப்போது என்று தெரியாத வாக்கியம். முதல் வீட்டுக்கு ஆள் குடிவருவதற்கு முன், இத்தனையாவது சதுர அடிக் கடை திறப்பதற்கு முன் என்று தேதிக்குப் பதிலாக ஒரு கட்டத்தோடு கட்டிப்போட்டிருந்தால்தான் அதைப் பிடித்துக் கேட்க முடியும். கட்டுமான லாரிகள் எந்தத் தெரு வழியாக, எந்த நேரத்தில் வரலாம் என்பதும் அதே பட்டியலில் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தொல்லை சில வருடம் நீளும். ஆள் குடிவந்து ஓராண்டு கழித்து பில்டர் செலவில் மறுபடி வண்டிகளை எண்ண வேண்டும், அறிக்கை சொன்னதைவிடக் கூடுதலாக இருந்தால் என்ன செய்வார்கள் என்பதும் இப்போதே எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பில்டர் முனகுவார். ஆனால் தங்கள் கணக்கில் நம்பிக்கை உள்ள கன்சல்டன்டுகள் இதை எதிர்த்து நான் பார்த்ததில்லை.