"சொன்னாலும் செய்ய மாட்டேங்கிறார்": வயதான காலத்தில் வீட்டு வேலைச் சண்டைகள்

முதியோர் நல மருத்துவரிடம் வரும் தம்பதிகள் முதலில் மூட்டு வலியைச் சொல்வார்கள், சர்க்கரையைச் சொல்வார்கள், தூக்கம் வரவில்லை என்பார்கள். கொஞ்ச நேரம் பேசவிட்டால் மனதில் கிடப்பது வெளியே வரும். "வீட்டில் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட மாட்டேங்கிறார் டாக்டர், எல்லாம் என் தலையில்தான் விழுகிறது" என்பார் மனைவி. "நான் எதைச் செய்தாலும் குறை சொல்கிறாள், எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்" என்பார் கணவர். கூட வந்த மகனோ மகளோ சங்கடமாகச் சிரிப்பார்கள்.

எனக்கு இது சிரித்துவிட்டு நகரும் விஷயமாகத் தெரிவதில்லை. முப்பது, நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குள் வேலைப் பங்கீட்டில் புதிதாகச் சண்டை முளைத்தால், இருவரில் ஒருவர் உடம்பில் ஏதோ மாறியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பரிசோதனை அறையில் நாங்கள் கண்டுபிடிப்பதற்கு முன்பே அந்த மாற்றம் சமையலறையிலும் துணிக்கொடியிலும் தெரிந்துவிடும்.

லாட்டன், பிராடி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1969ஆம் ஆண்டில், முதியவர் அன்றாட வேலைகளைத் தானே சமாளிக்கிறாரா என்று பார்க்கும் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். போன் பேசுவது, கடைக்குப் போய் வருவது, சமைப்பது, வீட்டைப் பராமரிப்பது, துணி துவைப்பது, வெளியே பயணம் செய்வது, மருந்தை முறையாக எடுப்பது, பணத்தைக் கையாள்வது ஆகிய எட்டும் அதில் உண்டு. முதியவர்களைப் பார்க்கும் மருத்துவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறோம். குளிப்பது, உடுத்துவது போன்ற அடிப்படைச் செயல்கள் தடுமாறும் முன்பே பெரும்பாலும் இந்த எட்டில் ஏதாவது ஒன்று ஆட்டம் காணும். ஆனால் அந்த அளவுகோலில் ஆண்களுக்கு மதிப்பெண் போடும்போது சமையல், வீட்டுப் பராமரிப்பு, துவைப்பு மூன்றையும் விட்டுவிடும் வழக்கம் இருந்தது. ஆண்கள் அதையெல்லாம் எங்கே செய்கிறார்கள் என்ற எண்ணம்தான்! இதன் விளைவை இன்றும் பார்க்கிறேன். சமைத்துக்கொண்டிருந்த அம்மா தடுமாறினால் வீடே கவனிக்கிறது. ஒரு வேலையும் செய்யாத ஐயா தடுமாறினால், வங்கிக் கணக்கு குழம்பும் வரை யாருக்கும் தெரிவதில்லை.

அதனால் நான் முதலில் கேட்பது இதுதான்: இந்த வேலையை அவர் முன்பு சரியாகச் செய்துகொண்டிருந்தாரா? இல்லை, ஓய்வு பெற்ற பிறகுதான் முதல்முறையாகக் கையில் எடுத்திருக்கிறாரா? இரண்டாவது வகை என்றால் அவர் கற்றுக்கொள்பவர். அறுபத்தைந்து வயதில் துணி மடிக்கப் பழகுகிறவருக்குப் பொறுமையாகச் சொல்லித் தர ஆள் வேண்டும், அவ்வளவுதான். நேற்று வரை செய்தவர் இன்று தட்டிக் கழிக்கிறார் என்றால், எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு தம்பதிக்கு இரவுப் பாத்திரம்தான் பிரச்சினை. கணவர் கழுவி வைப்பார். மனைவி எடுத்துப் பார்த்து, பிசுக்கு இருக்கிறது என்று எல்லாவற்றையும் திரும்பக் கழுவுவார். அவர் கண்ணெதிரிலேயே. சில மாதங்களில் அவர் பாத்திரம் பக்கமே போவதை நிறுத்திவிட்டார். "வேண்டுமென்றே அரைகுறையாகக் கழுவினால் நான் திரும்பக் கூப்பிட மாட்டேன் என்று நினைக்கிறார்" என்றார் அந்த அம்மா. நான் தொட்டி எங்கே இருக்கிறது, விளக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். விளக்கு அவர் முதுகுக்குப் பின்னால். அவர் நிழலே பாத்திரத்தின் மேல் விழுகிறது. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதில் போய்ச் சேர்ந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கண்பாவை சுருங்கிவிடுகிறது, உள்ளே இருக்கும் லென்ஸ் மஞ்சளடிக்கிறது. அதன் மேல் புரை வேறு இருந்தால், வெள்ளைத் தட்டில் மங்கலான எண்ணெய்ப் படலம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அவருக்குப் புரை இருந்தது. தொட்டிக்கு நேர் மேலே ஒரு விளக்கு மாட்டினார்கள், அப்புறம் கண் அறுவை சிகிச்சையும் நடந்தது. பாத்திரச் சண்டை அதோடு ஓய்ந்தது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் "வேண்டுமென்றே" என்ற வார்த்தை அவரைக் குத்தியது குத்தியதுதான், அதை அவரே என்னிடம் சொன்னார்.

காதும் இப்படித்தான் சண்டை மூட்டும். வயதாகும்போது முதலில் போவது உச்ச அதிர்வெண் ஒலிகள். ச, த, க போன்ற மெய்யொலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. குரல் கேட்கும், வார்த்தை பிடிபடாது. குழாயில் தண்ணீர் ஓடும்போது அடுத்த அறையிலிருந்து "ஏங்க, துணியை எடுத்துட்டீங்களா?" என்று கேட்டால், அவர் காதில் விழுவது ஒரு சத்தம்தான். மறுபடி கேட்டால் எரிந்து விழுவாரோ என்று "ம்ம்" என்றுவிடுவார். மழையில் துணி நனைந்த பிறகு அந்த "ம்ம்" பொய்யாகிவிடுகிறது. குழாயை மூடிவிட்டு, முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லிப் பாருங்கள். அப்படிச் சொன்னால் வேலை நடக்கிறது என்றால், காதுப் பரிசோதனைக்கு நேரம் வந்துவிட்டது.

குனிய மறுப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டிலுக்கு அடியில் பெருக்கச் சொன்னால் சில ஆண்கள் நழுவுவார்கள். கேட்டால் காரணம் சொல்ல மாட்டார்கள். குனிந்து நிமிரும்போது தலை சுற்றுகிறது என்று மனைவியிடம் சொல்வதற்குக்கூட அவர்களுக்குக் கூச்சம். ரத்த அழுத்த மாத்திரையும், புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் இதைச் செய்யலாம். படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மறுபடி ரத்த அழுத்தம் பார்ப்போம். மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் மருந்தைத் திருத்த வேண்டியிருக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பெண்களிடம் நான் அதிகம் பார்ப்பது கட்டைவிரல் அடி மூட்டுத் தேய்மானம். துணி பிழிவது, மூடி திறப்பது, கனமான பாத்திரத்தை ஒரு கையால் தூக்குவது எல்லாம் சுருக்கென்று வலிக்கும். வெளியே பார்க்க வீக்கமே இருக்காது. "நேற்று வரை செய்தாயே, இன்று என்ன வந்தது?" என்று கேட்கும் கணவர்கள், ஒருமுறை அந்த மூட்டை மெதுவாக அழுத்திப் பார்த்தால் புரிந்துகொள்வார்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறு. பல வருடம் தானே செய்த வேலையின் வரிசை ஒருவருக்குக் குழம்புவது. வாஷிங் மெஷினில் துணியைப் போட்டு, சோப்புத்தூள் போடாமலே ஓடவிடுவது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்பது. எப்போதாவது ஒருமுறை மறப்பது எல்லோருக்கும் உண்டு. அதே தவறு மாதத்துக்கு மாதம் கூடினால் மறதி நோய்க்கான பரிசோதனை தேவை. இன்னொரு வகையினர், செய்யாததைப் பற்றிக் கவலையே படாமல் உட்கார்ந்திருப்பார்கள். திட்டினாலும் கோபம் வராது, வருத்தமும் வராது. இதைத்தான் குடும்பங்கள் சோம்பல் என்று தவறாக எடுத்துக்கொள்கின்றன. மனச்சோர்வு, தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, பார்க்கின்சன் நோய், மறதி நோயின் தொடக்கம் என்று இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். சர்க்கரைக்காகப் பல வருடம் மெட்பார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையக்கூடும். இவற்றில் சில, சிகிச்சையில் நன்றாகவே தேறும். தூக்க மாத்திரையும், சளிக்கும் அரிப்புக்கும் சாப்பிடும் பழைய ரக மாத்திரைகளுமே ஒருவரை இப்படி மந்தமாக்கிவிடும்.

சரி, காரணம் தெரிந்த பிறகு வேலையை எப்படிப் பிரிப்பது? "பாத்திரம் உனக்கு, துணி எனக்கு" என்று முழுசாகப் பிரிப்பதைவிட, ஒரே வேலையைப் படிகளாகப் பிரிப்பது நல்லது. துணியைக் கொடியில் போட ஒருவர், நாற்காலியில் உட்கார்ந்து மடிக்க இன்னொருவர். காய் நறுக்குவதும் உட்கார்ந்து செய்கிற வேலைதான். மூச்சு வாங்குகிறவருக்கும் முட்டி தேய்ந்தவருக்கும் ஒரு ஸ்டூல் போட்டால் பாதி வேலை திரும்ப வந்துவிடும். பார்க்கின்சன் இருப்பவருக்கு மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரம் எது என்று கவனித்து, அந்த நேரத்துக்கு வேலையைத் தள்ளி வையுங்கள். அவர் மடித்த துணி கோணலாக இருந்தால் அப்படியே அலமாரியில் வைத்துவிடுங்கள்.

பாவம் என்று எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வதும் ஆபத்து. ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ அளவுக்குத் தசை குறைந்திருந்தது. வீட்டு வேலை அவருக்கு உடற்பயிற்சியும்கூட.

அடுத்தவர் செய்யவில்லை என்ற கோபத்தில் தானே ஸ்டூல் மேல் ஏறி, பரணில் இருப்பதை எடுக்கப் போய் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து வந்த அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் அதே வயதுதான் ஆகிறது. உயரத்தில் இருக்கும் பொருட்களைத் தோள் மட்டத்துக்கு இறக்கி வைப்பதை இந்த வாரமே செய்துவிடுங்கள். மனைவிக்கு உதவி தேவைப்படுவதைச் சொல்லக் கணவரை மட்டும் எதிர்பார்க்காமல், பிள்ளைகளும் அம்மாவிடம் நேரே கேட்க வேண்டும். பல வீடுகளில் அந்தக் கேள்வியை யாருமே கேட்பதில்லை.

ஒன்றிரண்டு நாளுக்குள் ஒருவர் திடீரென்று வேலையில் குழம்பினால் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர்த் தொற்று, பக்கவாதம், ரத்தத்தில் சோடியம் குறைவது என்று எதுவாகவும் இருக்கலாம். மெதுவாக வந்த மாற்றம் என்றால், எந்த வேலை, எந்தப் படியில் நிற்கிறது, எப்போதிலிருந்து என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு இருவரும் சேர்ந்து வாருங்கள். மாத்திரை அட்டைகளை எல்லாம், தூக்கத்துக்கும் சளிக்கும் நீங்களாக வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.