மூளைக்குள் சேரும் கொழுப்பும் பருப்புச் சோற்று நெய்யும்

மறதி நோய்க்காக என்னிடம் வரும் மூதாட்டி ஒருவர், மூன்று மாதத்தில் நான்கு கிலோ இளைத்துவிட்டார். காரணம் கேட்டேன். "மூளையில் கொழுப்பு சேர்வதால் அல்சைமர் வருகிறது என்று படித்தேன், டாக்டர். நெய், எண்ணெய், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன்" என்றார் மகள். அம்மா புடவைத் தலைப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். "நெய் இல்லாமல் பருப்புச் சோறு இறங்கவில்லை" என்று மட்டும் சொன்னார்.

மகள் படித்தது பொய்யல்ல. புரிந்துகொண்ட விதம்தான் தவறு.

மூளையில் மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் இருக்கின்றன. கிருமியை எதிர்ப்பது, இறந்த செல்களையும் கழிவையும் விழுங்கிச் செரிப்பது இவற்றின் வேலை. வயதாகும்போது இவற்றில் சிலவற்றுக்குள் கொழுப்புத் துளிகள் நிறைந்துவிடுகின்றன. நிறைந்த செல்லால் முன்போல் விழுங்க முடிவதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களையோ அது அதிகமாகச் சுரக்கிறது. 2020-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதை விரிவாகக் காட்டினார்கள். அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டும், ஏபிஓஇ என்ற மரபணுவின் 4-ஆம் வகையைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற அல்சைமர் நோயாளிகளின் மூளையில் இத்தகைய செல்கள் மிகுந்திருப்பது 2024-ல் வெளியானது. இந்த நோயை முதலில் விவரித்த மருத்துவர் அலோயிஸ் அல்சைமரே 1907-ல் எழுதிய கட்டுரையில், மைக்ரோகிளியாவையும் உள்ளடக்கிய கிளியா செல்களுக்குள் கொழுப்பைக் கண்டதாகக் குறித்திருக்கிறார். ஆனால் நோயாளிகளின் மூளையில் காணப்படும் புரதப் படிவுகள் எல்லோருடைய கவனத்தையும் இழுத்துக்கொண்டன. அந்த ஒரு வரியைத் திரும்பிப் பார்க்க நூறாண்டுக்கு மேல் ஆனதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு.

இந்தக் கொழுப்பு தட்டிலிருந்து நேராக மூளைக்கு ஏறியது அல்ல. கொழுப்பு அமிலங்களைத் துளிகளாகக் கட்டி வைப்பது அந்தச் செல்லேதான். அதைத் தடுக்கும் வழிகளை இன்னும் ஆய்வகங்களில்தான் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே 'மூளைக் கொழுப்பைக் கரைக்கும்' மாத்திரை என்று யார் விற்றாலும் தயவுசெய்து வாங்காதீர்கள்.

மறதி நோயில் உடல் இளைப்பது நோயாளியை மேலும் தளர்த்தும். இதய நோய்க்காக மருத்துவர் விதித்த பத்தியம் வேறு. அதை விட வேண்டாம். இந்த அம்மாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ரத்த அழுத்தம் பார்த்தேன்: 170/100. "மாத்திரை தீர்ந்து இரண்டு மாதம் ஆகிறது" என்றார் மகள். நெய்யைத் தேடித் தேடி விலக்கிய வீட்டில், மூளையின் ரத்தக் குழாய்களைக் காக்கும் மாத்திரை விட்டுப்போயிருந்தது. வலப் பக்கம் நின்று பேசினால் அவருக்குக் காதும் சரியாகக் கேட்கவில்லை.

மாத்திரையை மீண்டும் எழுதினேன். காது மருத்துவரிடம் அனுப்பினேன். சீட்டின் கடைசி வரியில், மகள் படிக்கும்படி பெரிய எழுத்தில், மதியம் ஒரு தேக்கரண்டி நெய் என்று எழுதிக் கொடுத்தேன்.