ஐம்பதைத் தாண்டிய விங்கரும் மூன்று மில்லிமீட்டர் எஃகும்

செக் நாட்டு ஐஸ் ஹாக்கி வீரர் யாரோமிர் யாகர் ஐம்பது வயதுக்குப் பிறகும் தொழில்முறை ஆட்டத்தில் கோல் அடித்ததைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். "கால்பந்து வீரர்களுக்கு முப்பத்தைந்திலேயே முழங்கால் போய்விடுகிறது. இவருக்கு மட்டும் எப்படி?" என்பது அவர் கேள்வி. உழைப்பும் ஒழுக்கமும் காரணம்தான். ஆனால் பாதி பதில் அவர் காலுக்குக் கீழே இருக்கும் பனியில் கிடக்கிறது.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1972-இல் க்ளாட்னோ நகரில் பிறந்தவர். ஆடியது வலது விங்கில், அதாவது அரங்கின் ஓரத்தை ஒட்டி ஏறித் தாக்கும் இடத்தில். 1990-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் அணிக்குப் போனார். 1991, 1992 இரண்டு ஆண்டும் ஸ்டான்லி கோப்பை, அதாவது வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இன் பட்டம். 1998-இல் நாகானோ ஒலிம்பிக் தங்கம். 2008-இல் ரஷ்யாவின் ஓம்ஸ்க், 2011-இல் மறுபடி அமெரிக்கா, 2018-இல் சொந்த ஊர் க்ளாட்னோ. என்.எச்.எல். லீக்கில் மட்டும் 1,733 ஆட்டங்கள், 1,921 புள்ளிகள் (கோலுக்கு ஒன்று, கோல் போட உதவும் பாஸுக்கு ஒன்று). அந்தப் புள்ளிக் கணக்கில் அவருக்கு மேலே இருப்பவர் கனடாவின் வெய்ன் கிரெட்ஸ்கி ஒருவர்தான்.

லீக் மாறினால் மொழியும் சாப்பாடும் மட்டும் மாறுவதில்லை, அரங்கின் அளவும் மாறும். என்.எச்.எல். அரங்கின் அகலம் சுமார் 26 மீட்டர். ஐரோப்பாவில் நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது 30 மீட்டர். ஓரத்தில் ஆடுகிறவருக்குப் பக்கத்துக்கு 2 மீட்டர் கூடுதல் என்று பொருள். கோல் கோட்டிலிருந்து 10 மீட்டர் முன்னால், பக்கச் சுவரை ஒட்டி நின்று பார்த்தால், 1.83 மீட்டர் அகலமுள்ள கோல் வாய் அமெரிக்க அரங்கில் ஏறக்குறைய 3.9 பாகைக் கோணத்தில் தெரியும். ஐரோப்பிய அரங்கில் அது 3.2 பாகைதான். இலக்கில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. பதிலுக்கு, எதிராளி நெருங்கி வர ஒரு நொடியின் சிறு பகுதி கூடுதலாகக் கிடைக்கிறது. ஓர் அரங்கில் அடித்துப் பழகியவர் மற்றதற்கு வந்ததும் கொஞ்ச நாள் தடுமாறுவது இதனால்தான்.

சரி, மாறாதது எது? பனி.

அது ஏன் வழுக்குகிறது? உடல் எடை, ஸ்கேட் என்ற சறுக்குக் காலணியின் அடியில் உள்ள எஃகுப் பிளேடின் வழியாக அழுத்திப் பனியை உருக்குகிறது என்று பலர் பள்ளியில் படித்திருப்போம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ ஆள் ஒற்றைப் பிளேடில் நிற்கிறார், 3 மில்லிமீட்டர் அகலத்தில் 5 சென்டிமீட்டர் நீளம் பனியில் பதிகிறது என்றால், அழுத்தம் வளிமண்டலத்தைப் போலச் சுமார் 65 மடங்கு. அது பனியின் உருகுநிலையைக் குறைப்பது அரை டிகிரி மட்டுமே. அரங்கப் பனியோ மைனஸ் 5 டிகிரிக்குப் பக்கத்தில் அல்லது அதற்கும் கீழே இருக்கும். ஆக, அழுத்தம் மட்டும் போதாது. பனியின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகளுக்கு மேலே பிடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால் உறைநிலைக்குக் கீழேயும் அவை தளர்ந்து அசைகின்றன. இதோடு உராய்வு வெப்பமும் சேர்ந்துகொள்ள, பனி வழுக்குகிறது.

பனியின் மேல் நீர்போன்ற ஏடு ஒன்று இருப்பதாக மைக்கேல் ஃபாரடே 1850 வாக்கில் சொன்னார். அதை நேரடியாக அளக்கும் கருவிகள் வருவதற்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. இன்று குளிர்நாடுகளில் உறைபனி மண்ணை வீங்க வைத்துச் சாலைகளை எப்படிப் பிளக்கிறது என்பதை விளக்க அதே ஏடுதான் உதவுகிறது. "இதனால் என்ன பயன்?" என்பதையே முதல் கேள்வியாக வைத்து ஆராய்ச்சிப் பணத்தைப் பங்கிடுவது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஃபாரடேயிடம் அன்று அப்படிக் கேட்டிருந்தால் அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது.

வழுக்குவது பாதிக் கதைதான். வெறுமனே வழுக்கினால் யாரும் ஆட முடியாது, விழத்தான் முடியும். ஹாக்கி ஸ்கேட்டின் பிளேடைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. கவிழ்த்த தகர வாய்க்கால்போல நீளவாக்கில் குழிவாகச் சாணை பிடித்திருப்பார்கள். அதனால் இரண்டு ஓரத்திலும் கூர்மையான விளிம்புகள் நிற்கும், உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. பிளேடு நீளவாக்கில் போனால் பனி வழிவிடுகிறது. பக்கவாட்டில் தள்ளினால் விளிம்பு பனிக்குள் இறங்கிக் கவ்விக்கொள்கிறது. ஒரே பரப்பு, ஒரு திசையில் கிட்டத்தட்ட உராய்வே இல்லை, இன்னொரு திசையில் சுவர்!

முன்னே போக ஸ்கேட்டர் பக்கவாட்டில் உதைப்பதும் இதற்காகத்தான். நேராகப் பின்னால் உதைத்தால் பிளேடு வழுக்கிப் பின்னே போய்விடும். ஆகவே பாதத்தைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி, பிளேடுக்குச் செங்குத்தாக உதைக்கிறார். பனி திருப்பித் தள்ளும் விசையில் ஒரு கூறு முன்னோக்கி வருகிறது. இடது, வலது, இடது என்று மாற்றி மாற்றி உதைக்க, உடல் மெல்லிய நெளிகோட்டில் முன்னேறுகிறது.

இதில் என்னை மிகவும் கவர்வது அடுத்த விஷயம். ஓடுகிறவரின் பாதம் தரையில் படும்போதெல்லாம் அங்கே நின்றாக வேண்டும். நொடிக்கு 8 மீட்டர் ஓடினால், உடலைப் பொறுத்தவரை அந்தக் கால் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் பின்னே வீசப்பட வேண்டும். தசை எவ்வளவு விரைவாகச் சுருங்குமோ அதுதான் வேகத்தின் எல்லை. ஸ்கேட்டரின் பாதமோ உடலோடு சேர்ந்தே வழுக்கிச் செல்கிறது. அதே வேகத்தில் போகும்போது கால் பக்கவாட்டில் நிதானமாக நீண்டால் போதும். உசைன் போல்ட்டின் உச்ச வேகமே மணிக்கு 44 கிலோமீட்டர் அளவுதான். வேக ஸ்கேட்டர்கள் 500 மீட்டரை 34 விநாடிக்குள் முடித்திருக்கிறார்கள். அவர்களுடைய சராசரியே 50-க்கு மேல்!

மூட்டுக்கும் இது வரம். ஓட்டத்தில் ஒவ்வோர் அடியும் குதிகாலில் இடியாக இறங்கி முழங்காலுக்கு ஏறுகிறது. சறுக்கும் கால் பனியில் அப்படி மோதுவதில்லை. கனடாவின் பழம்பெரும் ஹாக்கி வீரர் கார்டி ஹோவும் வலது விங்கர்தான். என்.எச்.எல்.-இல் 1979-80 பருவத்தில் 51 வயதில் தொடங்கி 80 ஆட்டங்களிலும் இறங்கி 15 கோல் போட்டார். மோதல் நிறைந்த ஆட்டம்தான், காயங்களுக்குக் குறைவில்லை. ஆனால் தினசரித் தேய்மானம் வேறு வகை.

யாகர் இந்த விளிம்பைப் பயன்படுத்திய விதம் தனி. 1.91 மீட்டர் உயரம், நூறு கிலோவுக்கு மேல் எடை. சுவரோரம் பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) கிடைத்ததும் முழங்காலை மடக்கி, இடுப்பைப் பின்னே தள்ளி, கால்களை அகட்டி, எதிராளிக்கு முதுகைக் காட்டுவார். அவர்கள் தள்ளும் திசைக்குக் குறுக்கே பிளேடைத் திருப்பினால் விளிம்பு கவ்வுகிறது, ஆள் அசைவதில்லை. அதே பிளேடைக் கொஞ்சம் தள்ளுதலின் திசைக்குத் திருப்பிவிட்டால், எதிராளி கொடுத்த விசையிலேயே வழுக்கி வெளியே வந்துவிடுவார். இதற்கு வேகம் வேண்டாம், எந்தக் கணத்தில் எந்த விளிம்பு என்ற தீர்மானம் வேண்டும். வயது ஏற ஏறக் கூர்மையாகக்கூடிய திறமை அது. அகலமான அரங்கோ குறுகலான அரங்கோ, சுவர் எங்கேயும் சுவர்தான்.

ஒரே ஓர் இடத்தில் வயது வென்றுவிடும். நின்ற நிலையிலிருந்து புறப்படும் முதல் மூன்று நான்கு உதைகளில் சறுக்கல் குறைவு. பிளேடை நன்றாக வெளியே திருப்பி, கிட்டத்தட்ட ஓடுவதுபோலத்தான் உதைக்க வேண்டும். அங்கே தசையின் விரைவு மறுபடி எல்லை போடுகிறது. என்.எச்.எல். ஆட்டமும் ஆண்டுக்கு ஆண்டு விரைவாகிக்கொண்டே வந்தது. 2017-18-இல் கனடாவின் கால்கரி அணிக்காக 45 வயதில் இறங்கிய யாகரால் காயங்களுக்கு நடுவே 22 ஆட்டங்களில் ஒரு கோல்தான் போட முடிந்தது. அப்புறம் க்ளாட்னோ திரும்பினார். அப்போது செக் இரண்டாம் நிலை லீக்கில் இருந்த அந்த அணி, அவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே 2019-இல் மேல் லீக்குக்கு ஏறியது.