கவுண்டியின் பெயரில் வரும் எச்சரிக்கை: அமெரிக்காவின் வானிலை அறிவிப்பு முறை

டெக்சஸ் மாநிலத்தின் ஃபிரிஸ்கோ நகரில் குடியிருப்பவரிடம் முகவரி கேட்டால் வீட்டு எண், தெரு, ஜிப் கோடு எல்லாம் தடங்கலின்றி வரும். எந்தக் கவுண்டி என்று கேட்டால் சற்று யோசிப்பார். அந்த நகரமே காலின், டென்டன் ஆகிய இரண்டு கவுண்டிகளில் பரந்து கிடப்பதால் அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் புயல் மாலையில் தொலைக்காட்சியின் அடியில் ஓடும் வரியில் ஊர்ப் பெயருக்கு முன்னால் நிற்பது கவுண்டியின் பெயர்தான். கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம் போன்றது, பெரும்பாலும் அதைவிடச் சிறியது. தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள், டெக்சஸில் 254 கவுண்டிகள்.

வானிலை அறிவிப்பை வெளியிடுவது கவுண்டி நிர்வாகம் அன்று. கூட்டாட்சி அரசின் தேசிய வானிலைச் சேவைக்கு 122 முன்னறிவிப்பு அலுவலகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தன் பொறுப்பிலுள்ள கவுண்டிகளைக் கவனிக்கிறது. அங்கிருந்து வரும் அறிவிப்புகளில் இரண்டு சொற்களைப் பிரித்தறிவது முக்கியம்: வாட்ச், வார்னிங். இரண்டையும் தமிழில் ‘எச்சரிக்கை’ என்றே சொல்லிவிடுவதால்தான் வீட்டில் குழப்பம் வருகிறது என்பது என் எண்ணம். ஆகவே இங்கே அச்சொற்களை அப்படியே விட்டிருக்கிறேன். வாட்ச் என்றால் ஆபத்துக்கான சூழல் கூடிவருகிறது, சில மணி நேரத்துக்கு விழிப்பாக இருக்க வேண்டும் என்று பொருள். டொர்னாடோ என்னும் சுழல்காற்றுக்கும் கடும் இடிப்புயலுக்குமான வாட்ச், ஓக்லஹோமாவின் நார்மன் நகரிலுள்ள புயல் முன்கணிப்பு மையத்திலிருந்து வரும். வார்னிங் என்றால் ஆபத்து ரேடாரில் தெரிந்துவிட்டது, அல்லது யாரோ கண்ணால் கண்டுவிட்டார்கள். கையில் இருப்பது நிமிடங்கள் மட்டுமே.

2025 ஜூலையில் டெக்சஸின் கெர் கவுண்டியில் நடந்ததை இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். 3ஆம் தேதி பிற்பகலிலேயே வெள்ளத்துக்கான வாட்ச் வெளியாகிவிட்டது. 4ஆம் தேதி அதிகாலை 1.14 மணிக்குத் திடீர் வெள்ளத்துக்கான வார்னிங்கும், 4.03 மணிக்கு அதனினும் மேலான ‘திடீர் வெள்ள அவசரநிலை’ அறிவிப்பும் வந்தன. குவாடலூப் ஆறு கரை மீறியபோது ஆற்றோர முகாம்களிலும் விடுதிகளிலும் பலர் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கரையில் வெள்ளத்துக்கான அபாயச் சங்குகள் இருக்கவில்லை. அக்கவுண்டியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அறிவிப்பு வெளியாவதும், அது உறங்குபவரின் காதில் விழுவதும் வெவ்வேறு காரியங்கள்; இரண்டாவதில் ஒரு பகுதி குடியிருப்பவரின் கையிலும் இருக்கிறது.

முதல் வழி கைபேசி. 2012 முதல் நடைமுறையிலுள்ள கம்பியில்லா அவசர எச்சரிக்கை முறையில், ஆபத்துப் பகுதியின் கைபேசிக் கோபுரங்களிலிருந்து கைபேசிகளுக்குச் செய்தி ஒலிபரப்பாகிறது. பதிவும் கட்டணமும் இல்லை, விசா நிலையை யாரும் கேட்பதில்லை. 2007 அக்டோபரிலிருந்து வார்னிங் முழுக் கவுண்டிக்கும் பொதுவாக வராமல், புயல் செல்லும் பாதையை ஒட்டி வரையப்படும் பலகோண எல்லைக்கே வருவதால், ஒரே கவுண்டியில் உங்களுக்கு ஒலித்து நண்பருக்கு ஒலிக்காமல் போகலாம். இன்னொன்றைப் பலர் அறிவதில்லை. ஒரு அங்குல ஆலங்கட்டியோ மணிக்கு 58 மைல் காற்றோ எதிர்பார்க்கப்பட்டாலே கடும் இடிப்புயல் வார்னிங் வெளியாகும், ஆனால் 2.75 அங்குல ஆலங்கட்டி அல்லது 80 மைல் காற்று என்ற அளவை எட்டினால்தான் அது இந்த முறையில் கைபேசிக்கு வரும். ஆகவே கைபேசி அமைதியாக இருப்பதை வானம் அமைதியாக இருப்பதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது. இந்தியாவிலிருந்து வந்திருக்கும் பெற்றோரின் கைபேசியும் ஒலிக்கும் என்று நம்பியிருக்கவும் கூடாது.

இரண்டாவது வழியான வானிலை வானொலிக்கு இணையமோ கைபேசிக் கோபுரமோ தேவையில்லை. 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஏழு அலைவரிசைகளில் இயங்கும் இச்சேவைக்கான சிறு கருவியில் கவுண்டியின் ஆறிலக்க எண்ணைப் பதிந்துவிட்டால், அந்தக் கவுண்டிக்கான வார்னிங் வரும்போது நள்ளிரவிலும் அலறி எழுப்பும். காலின் கவுண்டிக்கு எண் 048085; இதில் 48 டெக்சஸையும் 085 கவுண்டியையும் குறிக்கும். மின்சாரம் போனாலும் இயங்கும்படி பேட்டரி போட்டுப் படுக்கையறையில் வைப்பதே சரி. தெருவோரச் சங்குகள் வெளியில் இருப்பவர்களை உள்ளே அனுப்புவதற்காக நகராட்சிகளும் கவுண்டிகளும் வைத்திருப்பவை; சன்னல் மூடிய வீட்டுக்குள் தூங்குபவருக்காக அவை அமைக்கப்படவில்லை. இவை தவிரப் பல கவுண்டிகள் வெளியேற்றம், சாலை அடைப்பு போன்றவற்றுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகின்றன. அதற்கு மட்டும் கவுண்டியின் அவசரகால நிர்வாகப் பிரிவில் முகவரியைக் கொடுத்துப் பதிய வேண்டும்.

டொர்னாடோ வார்னிங் வந்தால் கீழ்த்தளத்தில், வெளிச்சுவரை ஒட்டாத, சன்னலில்லாத அறைக்குச் செல்ல வேண்டும். டெக்சஸ் வீடுகளில் நிலவறை அரிது என்பதால் படிக்கட்டின் கீழுள்ள அலமாரி அறையோ உட்புறக் குளியலறையோதான் பெரும்பாலும் அந்த இடம். பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட்டுகளையும் எல்லோருடைய காலணிகளையும் அங்கேயே வைத்துவிடுவது நல்லது. உடைந்த கண்ணாடி மீது வெறுங்காலுடன் நடக்க நேராது. மொபைல் ஹோம் எனப்படும், பெயர்த்து நிறுத்தக்கூடிய இலகுவான வீட்டில் இருப்பவர்கள் வாட்ச் நிலையிலேயே உறுதியான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். வெள்ளத்தில், ஓடும் நீர் ஆறு அங்குலம் இருந்தாலே ஆளைச் சாய்க்கும்; இரண்டு அடி பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் செல்லும். குடிநீர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் என்ற கணக்கில் சில நாட்களுக்கு இருக்கட்டும்.

வானொலி வாங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு. வாராந்தரச் சோதனை பெரும்பாலும் புதன்கிழமைகளில் நடக்கும். பல கருவிகள் அதற்கு அலறுவதில்லை, திரையில் ஒரு வரியோ சிறு விளக்கோ மட்டும் காட்டும். அன்று மாலை அது தெரியவில்லையென்றால் கவுண்டி எண்ணையும் அலைவரிசையையும் மறுபடி சரிபார்த்து, கருவியைச் சன்னலுக்கு அருகில் நகர்த்திப் பாருங்கள்.