தவில் தாண்டாத சுவர்

கும்பகோணம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மகன் தவில் கற்கிறான். விடியற்காலைச் சாதகம் அண்டை வீட்டாரை எழுப்பிவிடுகிறது. புது வீட்டில் நிலத்தடி அறை ஒன்று தோண்டி, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே வராதா, பாட்டுப் பதிவும் செய்யலாமா என்று கேட்கிறார். ஈசானிய மூலையில் தோண்டும்படி வாஸ்து பார்ப்பவர் இடமும் குறித்துவிட்டாராம்.

ஒலியைத் தடுக்க மண்ணுக்கு இணையான சுவர் இல்லை. ஆனால் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நீர் எங்கே நிற்கிறது என்பதைக் கொல்லைக் கிணற்றை எட்டிப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் ஆழமுள்ள அறை 30 கன மீட்டர் இடத்தை அடைக்கிறது. சுற்றிலும் நீர் தரைமட்டம்வரை ஏறினால், ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, அவ்வளவு நீரின் எடையான 30 டன் விசை அதை மேலே தள்ளும். அறை ஓடம்போல மிதக்கப் பார்க்கும், தளம் விரிசல் விடும், ஈரம் கசியும். தவில் தோலுக்கு ஈரம் பகை. எந்த மூலையில் தோண்டினாலும் இதுதான் கதை. வாஸ்துவுக்குக் கொடுக்கும் பணத்தை மண் பரிசோதனைக்குக் கொடுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். நீர் புகாத நிலத்தடி அறை கட்ட முடியாதென்று இல்லை. அந்தச் செலவைத் தரைக்கு மேலேயே செய்யலாம் என்கிறேன்.

முட்டை அட்டை வேண்டாம். அறைக்குள் எழும் கீச்சொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். எடையே இல்லாத பொருள் ஒலியை மறிக்காது.

சரி, எடைதான் தேவை என்றால் சுவரைத் தடிமனாக்கினால் போதாதா? ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைப் பதினெட்டு அங்குலமாக்கினால் கூடுதலாகக் கிடைக்கும் தடுப்பு, ஒலியை அளக்கும் அலகில் சுமார் 6 டெசிபல். செங்கல் இரண்டு மடங்கு, பலன் இவ்வளவே. அதே ஒன்பது அங்குலச் செங்கல்லை இரண்டு நாலரை அங்குலச் சுவர்களாகப் பிரித்து நடுவில் 10 சென்டிமீட்டர் காற்றை விட்டுப் பாருங்கள். எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்புத் தீராத இடம் இது.

ஒரு தேங்காயைப் பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய மெல்லிய கீற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். கையை மெதுவாக ஏற்றி இறக்கினால் தேங்காயும் கூடவே வரும். வேகத்தைக் கூட்டினால் ஒரு கட்டத்தில் தாறுமாறாகக் குதிக்கும். இன்னும் வேகமாக ஆட்டுங்கள். கை படபடக்கும், டியூப் நீண்டு சுருங்கும், தேங்காயோ அநேகமாக அசையாமல் நிற்கும். அது கிளம்புவதற்குள் டியூப் எதிர்ப்பக்கம் இழுத்துவிடுகிறது.

இரட்டைச் சுவரில் உள்சுவர்தான் கை, அடைபட்ட காற்று டியூப், வெளிச்சுவர் தேங்காய். தேங்காய் குதித்த அந்த வேகம் இந்தச் சுவர்களுக்குச் சுமார் 18 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 18 அதிர்வில், அமைகிறது. காது கேட்கத் தொடங்குவதே 20 ஹெர்ட்ஸில். ஆகவே தவிலில் நாம் கேட்கும் ஒலி முழுவதும் வெளிச்சுவர் அசையாமல் நிற்கும் பக்கத்தில் விழுகிறது. இடைவெளியை ஓர் அங்குலமாகக் குறைத்தால் அதே எண் 36 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அதிர்வெண் இரட்டிக்கும்தோறும் ஒற்றைச் சுவரின் தடுப்பு 6 டெசிபல் உயர்கிறது. இரட்டைச் சுவரில், கணக்குப்படி, 18 டெசிபல் வரை.

சிரமம் தருவது தொப்பி எனப்படும், குச்சியால் அடிக்கும் பக்கத்தின் தாழ்ந்த ஒலிதான். தவிலுக்குத் தவில் அது எந்த அதிர்வெண்ணில் ஓங்குகிறது என்று அளந்தால் அறையை இன்னும் நுட்பமாகத் திட்டமிடலாம். திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன், நம் தோல் கருவிகளின் மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு கூடவே எழும் உயர் சுரங்கள்) இசைவாக ஒலிப்பதைப் பற்றி 1920இலேயே நேச்சர் இதழில் எழுதினார். அவர் பிறந்த காவிரிக் கரையில் தவிலையும் நாகசுரத்தையும் அளக்க ஓர் ஒலியியல் கூடம் அமைக்க நிதி ஒதுக்க வேண்டும். விழாப் பந்தல்களுக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கு போதும்.

உள்சுவருக்குத் தனி அஸ்திவாரம் போடுங்கள். உள்கூரை உள்சுவரின் மேலேயே உட்காரட்டும், வெளித்தளத்திலிருந்து தொங்க வேண்டாம். கதவும் இரண்டு வேண்டும். கதவுப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும் அந்தக் கதவு 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். மூச்சுக்குக் காற்று வேண்டுமே. அதற்குப் பஞ்சு உறையிட்ட, வளைந்து வளைந்து போகும் குழாய் வையுங்கள்.

கட்டும் நாட்களில் கொத்தனாருக்கு அருகிலேயே இருங்கள். இரு சுவர்களுக்கு நடுவே விழும் ஒரு கை கலவை இறுகினால், டியூபுக்குப் பதில் குச்சி கட்டியதுபோல் ஆகிவிடும். கை ஆடினால் தேங்காயும் ஆடும். இடைவெளியின் அகலத்துக்கு ஒரு பலகையை அறுத்து, இரு முனையிலும் கயிறு கட்டி உள்ளே இறக்கி வையுங்கள். சில வரிசை செங்கல் ஏறியதும் பலகையைத் தூக்கி, அதில் விழுந்த கலவையைத் தட்டிவிட்டு, மறுபடி இறக்கச் சொல்லுங்கள்.